லைன் கக்கூஸ் சாவி

அன்புள்ள நைனாவுக்கு, நிவேதாவின் வணக்கம். உங்கள் இருமல் தேவலையா? நெதர்லாந்துக் குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மற்றபடி நலம்.

இங்கே ஆய்வகத்தில் விரல் நீளச் சிப்புக்குள் மனிதக் குடல் செல்களை வளர்க்கிறோம். அம்மாவுக்கு இருக்கிற குடல் அழற்சி நோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று அதில் பார்க்கிறோம். நேற்று அதன் குழாய் அடைத்துக்கொண்டதற்கு நாலு பேர் அலறியடித்து ஓடினோம். சிரிப்பாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அம்மா போனில் பேசியதும் சிரிப்பு போய்விட்டது. நம் லைன் வீடுகள் அத்தனைக்கும் ஒரே கக்கூஸ், அதன் சாவி கிருஷ்ணம்மா அத்தை வீட்டு ஆணியில். "போய்க் கேட்டா, இன்னாம்மா மறுபடியுமான்னு மூஞ்ச சுளிக்குது. அதான் ஒரு வேளதான் துன்றேன்" என்கிறார் அம்மா. நோயால் மெலிகிறார் என்றல்லவா நான் நினைத்தேன்! ஒரே வீட்டில் இருக்கிற உங்களுக்கு இது கண்ணில் படவில்லையா? இல்லை, தெரிந்தும் சும்மா இருந்தீர்களா?

கொஞ்சம் பருப்புப் பொடி அனுப்புங்கள், அம்மா அரைத்ததாக இருக்கட்டும். அதற்கு முன்னால் அந்தச் சாவியை வாங்கி, ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் டூப்ளிகேட் போட்டு, அம்மா முந்தானையில் முடிந்துவிடுங்கள். எனக்கு ஆய்வக ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அத்தை சாவி தராவிட்டால் பூட்டை உடையுங்கள். சுரங்கத்தில் பாறையை உடைத்த கைதானே, நைனா!

நிவேதா