பருந்தைக் கண்ட குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், அந்தச் சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இங்கே அப்பாவுக்கு உடம்பில் குறையில்லை, மறதிதான் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. ஊரார் அப்பாவுக்கு எடுத்த பாராட்டு விழாவை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாயே, அனுப்ப மாட்டேன், போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரைக் குறை சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் அப்பா பறவை மாதிரி கத்திக் காட்டியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே எல்லாரும், பறவை மாமா வழி தெரியாமல் நின்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுகிறார்கள். முடிவெட்டும் கடையில் மாட்டியிருக்கும் தன் படத்தைத் தானே பார்த்து, 'இந்த ஆளு வாய மூடுனாத்தான் குருவி பக்கத்துல வரும்' என்றாராம், கடைக்காரர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர் நம் வாசலிலேயே அழுதுவிட்டார். அந்தப் பாசத்துக்காகத்தான், நீயும் சொன்னாய் என்று, விழாவுக்குச் சரி என்றேன். மண்டபம் கொள்ளாத கூட்டம். 'மாமா, ஒரு தடவ மைனா மாதிரி கத்துங்க' என்று மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார்கள். அப்பா திருதிருவென்று விழித்தார், பிறகு கத்தினார். சின்ன வயசில் கத்தின மாதிரியே அவ்வளவு சுத்தமாக வந்தது, ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பருந்தைக் கண்டால் மைனா போடுகிற கத்தலடி அது, அவரோடு காடு மேடெல்லாம் அலைந்தவளுக்குத் தெரியாதா. அவர்கள் தட்டத் தட்ட இவர் பயந்து இன்னும் கத்துகிறார், நின்ற இடம் நனைந்துவிட்டது. நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். 'என்னம்மா, நல்லாத்தானே பண்றாரு' என்றாள் முன்வரிசைக்காரி ஒருத்தி. அவளுக்கு என்ன தெரியும் பாவம், அப்பாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் நான் அறைக்குள் காலெடுத்து வைத்தாலும் அதே கத்தல்தான். இத்தனை வருஷம் சோறு போட்டவள் அவருக்குப் பருந்தாகிவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பொழுது சாய்ந்தால் பின்கதவில் போய் நிற்கிறார். நீ சின்னதில் விளையாடப் போனால் மைனா குஞ்சைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடுவாரே, நீயும் தெருக்கோடியிலிருந்து குஞ்சு மாதிரியே பதில் கொடுத்துக்கொண்டே ஓடிவருவாயே, அதைத்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார், பதில் வரவில்லை என்றால் பருந்துக் கத்தல் தொடங்கிவிடும். சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று உன் மாதிரி நானே கொடுத்துப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

குழந்தைக்கு அந்த வெளிநாட்டுக் குளிரில் காதை மூடிவிடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயசுக்குக் குறைவில்லாமல் இருங்கள். போன் செய்தால் 'அப்பா, நான் யாரு தெரியுதா' என்று பரீட்சை வைக்காதே, இங்கே பொழுது சாயும் நேரத்தில் போன் போட்டு அந்தக் குஞ்சுப் பதிலை மட்டும் கொடு, அங்கே வேலை நேரமாக இருந்தால் கழிப்பறையில் நின்றாவது கொடு. உனக்கும் அது மறந்துபோயிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு, நான் பின்கதவைப் பூட்டிவிடுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா