கேட்காமல் விட்ட முற்பணம்

நேற்று மகளுக்கு வாடகை வீடு பார்க்க மொன்ட்ரியால்-நோர் பகுதிக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் கறை போக்கும் ஜாவெல் நீரின் மணம். சுவரிலிருந்த பூஞ்சணத்தைக் காலையில்தான் துடைத்திருக்க வேண்டும். "ரெண்டு மாச முற்பணம். கையில தந்தால் போதும்," என்றார் வீட்டுக்காரர். நான் வெளியே வந்துவிட்டேன். அக்கா, உங்கள் நிலக்கீழ் வீட்டின் மணம் அது.

நான் வரும் சனிக்கிழமைகளில் சுவர் துடைத்த கையுறையோடுதான் கதவைத் திறப்பீர்கள். "உள்ளுக்கு வாரும். சுவரில மட்டும் சாயாதேயும்," என்று சிரிப்பீர்கள். கியூபெக்கில் வீட்டுக்காரர் முற்பணம் கேட்கவே கூடாது, அதுதான் சட்டம் என்று நான் சொன்னபோது நீங்கள் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"நீர் படிச்சனீர். வீட்டுக்காரரோட பிரெஞ்சிலயும் சண்டை பிடிப்பீர். எனக்குத் தமிழிலயே வராது."

உடைத்துவிட்டுச் சொல்லாமல் போகிற குடியிருப்பாளர்களும் உண்டு. வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் நீங்கள் கொடுத்திருந்த முற்பணம் உங்களைக் கட்டிப்போட்டதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதே தெருவில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியானது. குசினிக்குள் வெயில் விழும் வீடு. ஈரமில்லாத இடத்துக்குப் போனால் உங்கள் இருமல் குறையும் என்று வைத்தியரும் சொல்லியிருந்தார். அங்கேயும் முற்பணம் கேட்டார்கள். உங்களிடம் இருந்ததெல்லாம் உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்ததுதான்.

"திருப்பிக் கேளுங்கோ அக்கா. உங்கட காசுதானே."

"கேட்டால் காசு வரும், பிள்ளை. ஆள் போயிடும். என்ர மனுசன் செத்தண்டைக்கு முதல் வந்து நிண்டது இந்த வீட்டுக்கார அண்ணைதான்."

அந்த மாடி வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். நீங்கள் சுவரைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். இருமலும் உங்களோடேயே இருந்தது, உங்கள் கடைசி மாசி மாதம் வரை. நீங்கள் மறுத்த அன்றைக்குப் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உங்கள் இறுதிச் சடங்கு முடிந்ததும் வீட்டுக்காரர் என்னை ஒரு பக்கமாக அழைத்து, முழு முற்பணத்தையும் என் கையில் வைத்தார்.

"ஒருக்கா வாய் திறந்து கேட்டிருந்தா அண்டைக்கே குடுத்திருப்பன், தங்கச்சி. அவவுக்கு என்ர வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை எண்டெல்லோ நான் நினைச்சன்."

யாரையும் எளிதில் நம்பாத நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் தெரியவில்லை.

பணத்தை ஊரிலிருக்கும் உங்கள் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் சொன்னதைத் தங்கைக்குச் சொல்லவில்லை. அது என்னோடேயே இருக்கிறது.