நடுவில் ஒரு தூண்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் நின்றதா? நேரத்துக்கு மருந்து குடிக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உங்கள் சகோதர சங்க மண்டபத்தைப் பார்த்து வந்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. கிழக்கு மேடைக்கு மேலே கூரையின் பெரிய உத்திரம் விரிசல் விட்டிருக்கிறது. நடுவில் ஒரு இரும்புத் தூண் நிறுத்தினால் தாங்கும். மாதக் கடைசிக்குள் நிறுத்தாவிட்டால் எங்கள் ஆய்வு அலுவலகம் இடிக்க உத்தரவு போடும். கையெழுத்து என்னுடையதாக இருக்கும். அதுவரை மேடையருகே யாரும் உட்கார வேண்டாம். அங்கே இருக்கும் ஓட்டு மேஜையை மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

இருமல் தேவலை. மேஜையை மாற்றிவிட்டேன்.

தூண்தான் சிக்கல். எதிரெதிரே இரண்டு வரிசையாக உட்காரும் சகோதரர்களில் எவர் முகமும் மறையக் கூடாதென்று, முழுப் பாரத்தையும் பக்கச் சுவர்களில் இறக்கிக் கட்டிய மண்டபம் அது. தூண் வைக்க ஓட்டெடுக்க வேண்டும். சம்மதமென்றால் வெள்ளைக் குண்டு, மறுப்பென்றால் கறுப்புக் குண்டு பெட்டியில் போடுவோம். ஒரு கறுப்புக் குண்டு விழுந்தாலும் தீர்மானம் தோற்றது, ஒரு வருஷத்துக்கு மறுபடி எடுக்க முடியாது. பதினொரு பேரையும் வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தேன். தையல்காரர்தான் முறுக்கிக்கொண்டார். கடைசியில் அவரும் இறங்கி வந்தார்.

அப்பா

மார்ச் 17

அப்பா,

ஒரு கறுப்பு விழுந்ததாமே. தையல்காரர்தானே? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

மகள்

மார்ச் 20

மகளே,

தையல்காரரோடு யாரும் பேசுவதில்லை. ஆனால் கறுப்பைப் போட்டவன் நான்.

துணித் திரைக்குள் கையை விட்டு, இரண்டு கிண்ணங்களில் ஒன்றிலிருந்து குண்டெடுத்து, கண்ணால் பார்க்காமல் அங்கேயே பெட்டியில் போட வேண்டும். வெள்ளைக் கிண்ணம் எப்போதும் வடக்கே இருக்க வேண்டுமென்பது விதி. கிழக்கே பார்த்து ஓட்டுப் போட்டுவந்த வரைக்கும் அது இடக்கைப் பக்கம். மேஜை மேற்கே போனதும் வலக்கைப் பக்கம் வந்துவிட்டது. எல்லாருக்கும் நானே அதை எடுத்துச் சொன்னேன். என் முறை வந்தபோது, நாற்பது வருஷப் பழக்கம், கை இடப்பக்கம் போய்விட்டது.

என் ஓட்டை வெளியே சொன்னால் சங்கத்திலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். முடிவும் மாறாது. உன் மேலதிகாரியிடம் ஒரு வருஷம் தவணை கேட்டுப் பாரம்மா.

அப்பா

மார்ச் 31

அப்பா,

மூன்று முறை போய் நின்றேன். "உத்திரம் உங்க சங்க விதிக்காகக் காத்திருக்குமா?" என்றார். இன்று இடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேஜையை மாற்றச் சொன்னதே நான்தான். யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

பேர் போனால் போகட்டும், தையல்காரரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மகள்

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

போய்ச் சொன்னேன். தைப்பதை நிறுத்தாமலே, "தெரியும்" என்றார். "எதிர்லதானே உக்காந்திருந்தேன். உன் தோள் இடப்பக்கம் சாஞ்சதப் பார்த்தேன். அடுத்தவர் ஓட்டப் பத்தி வாயத் திறக்கக் கூடாதே, அதான் பேசாம இருந்தேன். நீயா வந்து சொல்லுவேன்னு மறுநாள் வரைக்கும் எதிர்பார்த்தேன்."

வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை.

அப்பா