வாப்பா முகமும் தாவூத் காக்காவின் கார்டும்

புக்கிட் பாஞ்சாங்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முட்டுவலி தேவலையா?

நான் வர முடியாமல் போன தங்கச்சி நிக்காஹ் வீடியோ பென் டிரைவில் வந்து சேர்ந்தது. என் போனில் ஓடவில்லை. அறையில் கூட இருக்கும் மூத்தவர் தாவூத் காக்கா, "என் கம்ப்யூட்டர்ல புது கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கேன், டீ குடிக்கிறதுக்குள்ள போன்ல ஓடற மாதிரி மாத்திடும் லா" என்றார், இந்த ஊர்க்காரர்கள் போல 'லா' போட்டு. மாற்றியும் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன் உம்மா. மாப்பிள்ளை கையைப் பிடித்தபடி வாப்பா அழுகிற இடத்தில் முகமே இல்லை. கட்டம் கட்டமாக ஏதோ அசைகிறது.

கேட்டால், "வேகமா மாத்தினா அப்படித்தான். கல்யாண வீடியோவ யாரு லா உத்துப் பாக்கறா?" என்று பல்லைக் காட்டுகிறார். அதோடு பென் டிரைவில் இருந்த அசலை அழித்துவிட்டு, தன் சினிமாப் படங்களை ஏற்றி வைத்திருக்கிறார். அவரோடு ஒரே மேசையில் சாப்பிடவே அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் கவலைப்படாதீர்கள். வீடியோக்காரரிடம் இன்னொரு பிரதி வாங்கி, ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்புங்கள். கூடவே கொஞ்சம் மாசிக் கருவாடு. இங்கே தேக்கா சந்தையில் விற்பதை வாயில் வைக்க முடியவில்லை. என் பழைய லேப்டாப்பில் கார்டெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் மாற்றும். எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும். எனக்கு வாப்பா முகம் முகமாக வர வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
சுல்பிகார்