பதினேழாம் எண்

கிட்வே,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கசூபாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம், முட்டிவலியையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டால். டப்ளின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மாமரம் பழுக்கத் தொடங்கிவிட்டது, இது கசூபாவின் கிளை என்று சொல்லிச் சொல்லியே அதிலிருப்பதையெல்லாம் அப்பா தின்று தீர்க்கிறார்.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நேற்று நம் டேட்டாபேஸ் சங்கத்தின் வருடாந்திரப் பயிற்சியில் முதல் நாள். கல்லூரிக் கூடத்தில் அறுபது பேர், பக்கத்து ஊர் லுவான்ஷ்யாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். ன்ஷிமாக் களியும் கப்பெந்தா மீனும் சாப்பிட்ட கையோடு என் வகுப்பு, பழைய பதிவுகளை நீக்குவது எப்படி என்று. பாடத்துக்கு நம் உறுப்பினர் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். மூன்று வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்களை நீக்க வேண்டும் என்று நீ எழுதிய விதிதான். ஒருவர் எழுதிய கட்டளையை இன்னொருவர் உரக்கப் படித்துச் சரி சொன்ன பிறகுதான் ஓட்டுவோம் என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் சேர்ந்த சிலேஷே என்ற பெண் எழுந்து, நான் எழுதியிருந்ததை, “மூணு வருஷமா வராதவங்களை நீக்கு, பதினேழாம் எண்ணை மட்டும் விட்டுடு” என்று படித்தாள். படித்துவிட்டு, “யாரும்மா அந்தப் பதினேழு, அவங்களுக்கு மட்டும் என்ன சலுகை” என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன. உன்னோடு சேர்ந்து சங்கம் தொடங்கிய கலும்பா மாமா, “பனாகசூபா, இதை நான் எழுதியிருந்தா என்னை வெளியில நிக்க வெச்சிருப்பீங்களே” என்றார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன், கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. சிலேஷே விஷயம் புரிந்து முகம் சுருங்கி, “இருந்துட்டுப் போகட்டும்மா, ஒரு வரிதானே” என்றாள். வேண்டாம் என்று சொல்லி உன் எண்ணை அந்தக் கட்டளையிலிருந்து நானே எடுத்தேன். ஓட்டப் போன நேரம் கரண்ட் போயிற்று. “கரண்டும் உங்க கட்சிதான்” என்றார் மாமா. அப்புறம் வரவே இல்லை, அதனால் வருகிற சனிக்கிழமை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அன்றைக்கு ஜெனரேட்டர் உண்டு, கரண்ட் என்னைக் காப்பாற்றாது.

மகளே, ஒவ்வொரு கூட்டத்திலும் வருகை எடுக்கும்போது பதினேழு என்று கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு காத்திருந்துதான் பதினெட்டுக்குப் போகிறேன். உன்னைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருக்கிறேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் கடைசி வருகைத் தேதியை மாற்ற எனக்கு அரை நிமிஷம் போதும். மாற்ற மாட்டேன். வராதவள் வந்ததாக எழுதி வைத்தால் அதை நானே நம்பத் தொடங்கிவிடுவேன். வீடியோவில் வந்தாலும் வருகைதான், அதுவும் உன் விதிதான். நேரில் வா என்று கேட்க ஆசைதான், உன் லீவு கஷ்டம் எனக்குத் தெரியும்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே. கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது. நீ பிறந்த நாளிலிருந்து இந்த ஊர் என்னைப் பனாகசூபா, கசூபாவின் அம்மா, என்றுதான் கூப்பிடுகிறது, என் சொந்தப் பெயரே எனக்கு மறந்துபோயிற்று. சனிக்கிழமை இரண்டு மணிக்கு, கட்டளையை ஓட்டுவதற்கு முன்னால், வருகை எடுப்பேன், உனக்கு அப்போது பகல் பன்னிரண்டு. பதினேழு என்று கூப்பிட்டுவிட்டு இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
பனாகசூபா