ஏசுபாதத்துக்கு அனுப்பிய சட்டை

786
கோவளம்
4-12-1955

பினாங்கிலிருக்கும் அருமை மகன் அமீருக்கு அத்தாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், எனக்கு அலுப்புதான் வியாதி, கடையைத் திறக்கவே சில நாள் மனம் வருவதில்லை.

நீ ஏசுபாதத்துக்கென்று அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. ஐப்பசியில் உன் மச்சான் கியாசுதீன், வலையில் பங்கு வாங்கிய பெருமையில் தானும் படகேறிப் போய் மகாபலிபுரத்துப் பக்கம் கவிழ்ந்ததும், குப்பத்து ஏசுபாதம் அந்தக் காற்றிலும் கட்டுமரத்தில் போய் அவரை மீட்டதும், அதில் தன் கால் நசுங்கிப் படுத்ததும் முன்பே எழுதினேன். இன்னும் அவரால் நிற்க முடியவில்லை. ஆனால் ஊர் அந்த வீட்டைப் பட்டினி போடவில்லை. குப்பத்தார் தினம் மீன் வைக்கிறார்கள், நம் தெருவிலிருந்து மாவு போகிறது, நடவுக்குப் போகும் சந்திரம்மாகூட முந்தானையில் நொய் முடிந்துகொண்டு போனாள். உனக்குக் கடலில் யார் இருக்கிறார்கள் என்று அவளைக் கேட்டேன். "யாரும் இல்ல பாய், என்னால அப்டிப் போவ முடியாதுல்ல, அதான் குடுக்கறேன்" என்றாள்.

நானும் அரிசி மூட்டையும் சட்டையுமாகப் போனேன். அவர் மனைவி ரெபேக்காள் தொடவில்லை. "ஊரு குடுத்தா வாங்கிக்குவேன் பாய். நீங்க குடுத்தா கூலியாப் பூடும். எங்க வூட்டு ஆளு கூலிக்கா போச்சி?" என்றாள். மீட்கப்பட்டவன் வீட்டில் எதுவும் வாங்குவதில்லையாம், அவன் ஒரு வருஷம், கூப்பிட்டபோதெல்லாம் மீட்கப் போகும் கட்டுமரத்தில் ஏற வேண்டுமாம், குப்பத்து வழக்கம். சட்டையை என் கையிலேயே திருப்பிவைத்து, "மருமவனுக்குக் குடுங்க, காத்து குளிரும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அப்படியே திரும்பிவிட்டேன். கோபம் இல்லை மகனே, பயம். வழக்கம் எனக்கும் காதில் விழுந்திருந்தது, அரிசியோடு தீர்ந்துவிடாதா என்றுதான் தூக்கிக்கொண்டு போனேன். உன் தங்கை பதருன்னிசாவுக்கு இது ஏழாம் மாதம். அவள் அழுத அழுகைக்கும் கியாசுதீன் அசையவில்லை, போகிறேன் என்று ஒரே வார்த்தை.

முந்தாநாள் காலையில் கடல் மோசம், குப்பத்திலிருந்து கூப்பிட வந்துவிட்டார்கள். நீ அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு உன் மச்சான் போனார். சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் நானும் உன் தங்கையும் மணலிலேயே உட்கார்ந்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பேரை மீட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள், இவருக்கு உள்ளங்கை மட்டும் உரிந்திருக்கிறது. வருஷம் முடிய இன்னும் எத்தனை தடவையோ, நினைத்தாலே உடம்பு ஓய்ந்துபோகிறது.

நேற்று விடிந்து கதவைத் திறந்தால் நம் வாசலிலும் ஓலைக்கூடையில் மீன். யார் வைத்தது என்று தெரியவில்லை. பதருன்னிசா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், பிறகு அவளே கழுவி ஆணம் காய்ச்சினாள். எல்லோரும் சாப்பிட்டோம்.

தொழுகையை விடாதே, மழையில் நனையாதே. உனக்கு நீண்ட ஆயுளை அல்லாஹ் தருவானாக. ஏசுபாதத்துக்கு வேறு சட்டை அனுப்பாதே, நம் வீட்டிலிருந்து போனால் வாங்க மாட்டார்கள். உன் மச்சானுக்காக மட்டும் துஆச் செய், மறக்காதே.

உன் அத்தா
மு. ஷேக் தாவூத்