சாவி போடாமல் ஓடிய கரண்ட்

இரண்டு முழ நீளச் சிவப்பு ஒயர் என் முன்னால் கிடக்கிறது. இரண்டு நுனியிலும் கறுப்பு டேப், அதன்மேல் வெள்ளை நூல். டேப் ஒட்டினால் போதாது, நூலாலும் கட்ட வேண்டும் என்று நினைக்கிற ஆள் இந்தச் செஞ்சியில் நீங்கள் ஒருவர்தான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போன புருஷனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

உங்கள் வண்டியில் கிக்கர் கிடையாது, பட்டன் மட்டும்தான். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். பேட்டரியை இரண்டு முறை மாற்றினீர்கள். புதுசு போட்டும் அதே கதை. வேறு யாராக இருந்தாலும் காரணத்தைத் தேடியிருப்பார்கள். நீங்கள் சரிவைத் தேடினீர்கள். நம் தெரு மலைப் பக்கமிருந்து இறங்குவது உங்களுக்குத் தோதாகப் போய்விட்டது. வண்டியை எப்போதும் மூக்கு கீழே பார்க்க நிறுத்துவீர்கள். காலையில் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, தள்ளிக்கொண்டே ஓடி ஏறுவீர்கள். பக்கத்து வீட்டுக் காதர் பாய், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், லுங்கியை மடித்துக்கொண்டு வந்து பின்னால் கை கொடுப்பார்.

"மெக்கானிக்குகிட்ட காட்டுங்க" என்று எத்தனை தடவை சொன்னேன்!

"தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடுதில்ல, உனக்கு இன்னாடி டென்சன்?" என்பீர்கள். சிரிப்பு வேறு.

கடைசிக் காலையிலும் அதையேதான் சொன்னீர்கள். விடிந்ததிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். சட்டையெல்லாம் வேர்வை. ஆட்டோவைக் கூப்பிட நான் எடுத்த ஃபோனைப் பிடுங்கி வைத்தீர்கள். "வாயுதான்டி. ஆஸ்பத்திரி தோ இருக்குது, வண்டியிலயே போய் காட்டிட்டு வந்துடுறேன்." பட்டனை அழுத்தினீர்கள். டக். அப்புறம் அந்த வலியோடு வண்டியைத் தள்ளினீர்கள். பாய் வாசலுக்கு வருவதற்குள் மூன்று வீடு தாண்டி வண்டியும் நீங்களுமாக விழுந்து கிடந்தீர்கள். எட்டு மாதமாக எனக்குக் கண்ணை மூடினால் அந்த மூன்று வீடுதான்.

வண்டியை விற்றுவிடு என்றார்கள். மாட்டேன் என்றேன். சிங்கவரம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலைக்கு நான்தான் போயாக வேண்டும், ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் விற்காததற்கு அது காரணமில்லை. அன்றைக்கு அது ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய் தன் கடை மீட்டரோடு வந்தார். பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். மீட்டரில் எண் காட்டியது.

"பாரும்மா, சாவி உன் கையில இருக்குது, கரண்ட்டு எங்கியோ போயிக்கினே இருக்குது."

ஃபியூசைப் பிடுங்கினார். எண் அசையவில்லை. "அப்போ ஃபியூசுக்கே வராம பேட்டரியில இருந்து நேரா எடுத்துக்கினு இருக்குது." சீட்டுக்கு அடியில் டேங்குப் பக்கம் நுழைந்த ஒரு சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஹேண்டில்பாரில் இருந்த ஃபோன் சார்ஜரில் போய் முடிந்தது. ஒயரோடு அதைக் கழற்றினார். மீட்டர் பூஜ்யம். "ஃபோன் மாட்டலன்னாலும் இது பேட்டரிய குடிச்சிக்கினே இருக்கும்மா." பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சார்ஜர் எனக்காக வந்தது. அனந்தபுரம் சந்தையில் என் ஃபோன் அணைந்துபோய், நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தேடி அலைந்து, வீடு வரைக்கும் சண்டை போட்டேனே, மறுநாளே மாட்டினீர்கள். "இனிமே உன் ஃபோன் அணையாது" என்றீர்கள். வீட்டில் கரண்ட் போன மத்தியானங்களில் வாசலில் நிற்கிற வண்டியிலேயே சார்ஜ் போடுவேன். சாவி போடாமல் எப்படி ஏறுகிறது என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. எனக்காகச் செய்தது என்றால் கோபம் தணிந்துவிடுமா? இன்னும் ஏறுகிறது. பாதி என்மேலேயே திரும்புகிறது, அதற்கும் நீங்கள்தான் காரணம்.

இரண்டு நாள் வண்டியைத் தொடவில்லை. இன்று திங்கள். நான் சாவியைப் போடும்போதே பாய் லுங்கியை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். "தள்ளட்டுமாம்மா?" பட்டனை அழுத்தினேன். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அணைத்தேன். மறுபடி அழுத்தினேன். ஆறு தடவை அணைத்து ஆறு தடவை அழுத்தினேன். ஆறு தடவையும் ஸ்டார்ட் ஆனது. தெருவே வெளியே வந்து பார்த்தது, பார்க்கட்டும்.

ஒயரை என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வழியில் ஃபோன் அணைந்தால் அணையட்டும், இனி யார் என்னைத் தேடப்போகிறார்கள்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மூக்கு கீழே பார்க்கச் சரிவில்தான் நிறுத்தியிருந்தேன். அதற்கும் சேர்த்து உங்கள்மேல்தான் கோபம்.